ஓபேர் போகலாமா? பாலக்காட்டு எல்லைத் தமிழ்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று சித்தூர் தாலுகாவின் தமிழ் ஊர்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஜெர்மனி என்ற பேச்சு ஒரு தடவையாவது எழுந்திருக்கும். நர்ஸிங் ஒரு வழி, ஓபேர் இன்னொரு வழி. நான் ஸ்டுட்கார்ட் அருகே ஒரு குடும்பத்தில் ஓபேராக இருந்து திரும்பியவள். இப்போது இங்கே மாலை நேரத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளும், வாசலில் காத்து நிற்கும் அம்மாக்களும் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஜெர்மனியைப் பற்றியே பேசுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் போவது அங்கேதான்.

ஓபேர் என்பது வேலையா, படிப்பா?

இரண்டும் இல்லை. ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டு மொழியையும் வாழ்க்கையையும் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு. 1969 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்கில் ஐரோப்பிய நாடுகள் இதற்கென ஓர் ஒப்பந்தமே எழுதின. ஜெர்மன் சட்டம் ஓபேரை ஊழியராகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி உங்களுக்குக் கிடையாது. கிடைப்பது கைச்செலவுப் பணம். இந்த ஒரு விஷயம் மனதில் பதியாமல் விமானம் ஏறியவர்கள்தான் அங்கே போய் அதிகம் அழுகிறார்கள்.

யார் போகலாம்?

18 வயது நிறைந்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும் நிலைகளாகப் பிரிப்பார்கள்; ஜெர்மன் மொழியில் தொடக்கமான ஏ1 நிலைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம். ஜெர்மனிக்கு ஓபேராக ஒரு தடவைதான் போக முடியும்; முடிந்து திரும்பிவிட்டு மறுபடி அதே விசா கேட்டால் தரமாட்டார்கள். குழந்தை வளர்ப்பில் டிப்ளமா எதுவும் தேவையில்லை. ஆனால் தம்பி தங்கையைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை என்றால் போவதற்கு முன் ஒரு அங்கன்வாடியிலோ நர்சரியிலோ சில வாரம் உதவியாக இருந்து பாருங்கள். குடும்பங்களுக்கு அது பிடிக்கும் என்பது இருக்கட்டும்; ஒரே நேரத்தில் மூன்று குழந்தைகள் அழும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பையன்கள் போகலாமா?

போகலாம். சட்டத்தில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. குடும்பம் கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பையன்கள் மட்டுமே இருக்கும் சில வீடுகளில், கூடப் பந்து விளையாட ஆள் வேண்டும் என்று ஆண் ஓபேரைத் தேடுவதும் உண்டு.

மாதம் எவ்வளவு கிடைக்கும்? வீட்டுக்கு அனுப்ப மிச்சம் இருக்குமா?

கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ. அதோடு மொழி வகுப்புக்காக மாதம் 70 யூரோ குடும்பம் தர வேண்டும். தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் 280 யூரோ என்பது 28,000 ரூபாய். இந்தத் தொகையைச் சொன்னதும் அம்மாக்களின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். மலர வேண்டாம். அந்த நாட்டுக்குள் பஸ்ஸிலும் உள்ளூர் ரயிலிலும் போய்வர மாத டிக்கெட் ஒன்று இருக்கிறது. 2026 தொடக்கத்திலிருந்து அதன் விலையே 63 யூரோ. சில குடும்பங்கள் அதை வாங்கித் தரும், பல தராது. குளிர்காலக் கோட்டு, காலணி, போன் கட்டணம், தோழிகளோடு ஒரு காபி என்று போனால் மாதக் கடைசியில் கையில் நிற்பது சொற்பம். மொழி வகுப்புக்கு 70 யூரோவுக்கு மேல் ஆனால் மிச்சத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

வீட்டுக் கடனை அடைக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள் ஓபேர் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு வருடம் முடிவில் நீங்கள் கொண்டுவரும் சொத்து மொழி ஒன்றுதான். அது போதும் என்று நினைக்கக்கூடிய வீட்டுநிலை இருந்தால் போங்கள்.

ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: 280 யூரோ வீதம் 12 மாதத்துக்கு 3,360 யூரோ. மேலே சொன்ன நூறு ரூபாய்க் கணக்கில் 3,36,000 ரூபாய். வருடம் முழுக்க வரும் கைச்செலவுப் பணத்தை நீங்கள் புறப்படும் முன்பே ஒருவர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்.

ஜெர்மன் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஓபேரைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் ஜெர்மன் ஏஜென்சி அந்த ஓபேரிடம் 150 யூரோவுக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. மீதிச் செலவைக் குடும்பத்திடம்தான் வாங்க வேண்டும். விசாக் கட்டணம் 75 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஏ1 வகுப்பும் தேர்வுக் கட்டணமும் உங்கள் செலவு. விமான டிக்கெட் வழக்கமாக உங்கள் செலவு. சில குடும்பங்கள் பாதி தரும். இவற்றையெல்லாம் கூட்டினாலும் மூன்று லட்சம் வராது.

பின் எதற்கு அந்தப் பணம்? கேட்டால் 'பேக்கேஜ்' என்பார்கள். மொழி வகுப்பு, ஹாஸ்டல், விண்ணப்பம் நிரப்புதல், குடும்பம் தேடுதல் எல்லாம் அதில் அடக்கம் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள், பேச்சு மாறும். நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமம் உள்ளவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. "எனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, இது வேலை இல்லையே" என்று ஒருவர் சொன்னால், வேலையே இல்லாத ஒன்றுக்கு லட்சக்கணக்கில் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

ஏஜென்ட் இல்லாமல் குடும்பம் எப்படிக் கிடைக்கும்?

ஓபேர்களையும் குடும்பங்களையும் சேர்த்துவைக்கும் இணையதளங்கள் பல இருக்கின்றன. உங்கள் விவரத்தையும் குழந்தைகளோடு எடுத்த படங்களையும் ஏற்றிவிட்டுக் காத்திருக்கலாம். ஜெர்மனியில் ரால் (RAL) என்ற தரமுத்திரை பெற்ற ஓபேர் ஏஜென்சிகள் இருக்கின்றன. அவர்களுக்கு நேரடியாகவும் எழுதலாம். ஏஜென்சி வழியாகப் போனால் ஒரு நன்மை உண்டு. குடும்பத்தோடு சண்டை வந்தால் அங்கேயே உங்களுக்காகப் பேச ஒரு ஆள் இருப்பார்.

இணையத்தில் ஒரு மோசடி பல காலமாக நடக்கிறது. பெரிய வீடு, அழகான இரண்டு குழந்தைகள், மாதம் ஆயிரம் யூரோ தருகிறோம் என்று ஒரு கடிதம் வரும். வீடியோவில் பேச மாட்டார்கள். சில நாள் கழித்து, எங்கள் வக்கீல் உன் விசாவைப் பார்த்துக்கொள்வார், அவருக்கு இவ்வளவு அனுப்பு என்பார்கள். உண்மையான குடும்பம் எதுவும் உங்களிடம் பணம் கேட்காது.

ஜெர்மனியில் எங்கள் உறவினர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கே ஓபேராகப் போகலாமா? மலையாளிக் குடும்பம் என்றால்?

உறவினர் வீட்டுக்கு முடியாது. மலையாளிக் குடும்பத்துக்கும் பெரும்பாலும் முடியாது. வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பது விதி. தாய்மொழியாக இல்லாமல் வீட்டில் பேசும் மொழியாக மட்டும் ஜெர்மன் இருந்தால், ஓபேர் அந்தக் குடும்பம் புறப்பட்டு வந்த அதே நாட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. 1960களில் தொடங்கி கேரளத்து நர்ஸுகள் ஜெர்மன் மருத்துவமனைகளுக்குப் போய்க் குடியேறியதால் அங்கே மலையாளிக் குடும்பங்கள் நிறைய. அவர்களில் யாராவது அன்போடு கூப்பிட்டாலும் இந்த விதியில் தட்டும். கணவன், மனைவியில் ஒருவர் ஜெர்மன் தாய்மொழிக்காரர் என்றால் வழி உண்டு.

எனக்கு இந்த விதி பிடிக்கும். மலையாளமும் தமிழும் கேட்கிற வீட்டில் ஒரு வருடம் இருந்தால் ஜெர்மன் எங்கே வரும்?

ஏ1 எங்கே படிப்பது? நான் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலமே தடுமாற்றம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கோயம்புத்தூர் பக்கம். அங்கே ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் கோத்தே மையம் இருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இருக்கிறது, சென்னையில் கோத்தே நிறுவனத்தின் மாக்ஸ்முல்லர் பவன். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் தனியார் வகுப்புகள் உண்டு. எங்கே படித்தாலும் தேர்வுச் சான்றிதழ் கோத்தே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பிடமிருந்து வர வேண்டும். வகுப்பு நடத்தியவர் தானே அச்சடித்துத் தரும் தாளுக்குத் தூதரகத்தில் மதிப்பில்லை.

கோத்தே ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. பேச்சுப் பகுதியில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வார்கள், பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள்.

ஆங்கிலம் தெரியாததை ஒரு குறையாக நினைக்காதீர்கள். நம் ஊரில் வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம் என்று பிறந்ததிலிருந்தே இரண்டு மொழியில் புழங்குகிறோம். புரியாத மொழி நடுவே பதறாமல் நிற்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. வகுப்பில் அதன் பலனைப் பார்க்கிறேன். ஜெர்மனில் துணை வாக்கியத்தின் வினைச்சொல் கடைசியில் போய் நிற்கும். ஆங்கில வழியில் யோசிக்கும் பிள்ளைகள் அங்கே முட்டிக்கொள்கிறார்கள், தமிழ் வழிப் பிள்ளைகள் சிரமமில்லாமல் தாண்டிப் போகிறார்கள்.

ஏ1 முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஏ1 வைத்துக்கொண்டு ஐந்து வயதுக் குழந்தையோடு வாதாட முடியாது. ஏ2 பாதியாவது படித்துவிட்டுப் போனவர்களின் முதல் இரண்டு மாதம் வேறு மாதிரி இருக்கும்.

என் வீடு வேலந்தாவளத்தில், படித்தது கோயம்புத்தூரில். எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

எல்லையில் இருக்கிற நமக்கே உரிய தலைவலி இது. கேரள முகவரிக்காரர்கள் பெங்களூரில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரம், தெலங்கானா ஆகியவை சென்னையின் கீழ். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் வீடு என்றால் பெங்களூர், அந்தப் பக்கம் என்றால் சென்னை. ஆதாரில் ஒரு முகவரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு முகவரி என்று இருக்கிற பிள்ளைகள் நம்மிடையே அதிகம். பாட்டி வீடு தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு கேரளத்தில் என்று ஆளாளுக்கு ஒரு கதை. விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் இப்போது இருக்கும் முகவரியைப் போட்டுச் சரிசெய்துவிடுங்கள்.

பெயரும் அப்படித்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால், தமிழ்நாட்டுச் சான்றிதழில் முன்னால், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. ஜெர்மன் அலுவலகங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லாத மனிதர் புரியவே மாட்டார். பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயரை விரித்துக் குடும்பப்பெயராகப் போட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

குடும்பத்தோடு வீடியோவில் பேசும்போது என்ன கேட்க வேண்டும்?

நம் பிள்ளைகள் பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்த மாதிரி தலையைக் குனிந்து, கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் ஒரு வருடம் நிர்ணயமாகிறது. நீங்களும் கேளுங்கள். தயங்கினால் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள்; ஜெர்மன்காரர்கள் அதை மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இவள் விஷயத்தை யோசித்து வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

முதலில் வார நேரக்கணக்கு. காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும், குழந்தைகள் பள்ளியில் இருக்கும் நேரம் உங்களுடையதா, எந்த மாலை விடுப்பு என்று எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து, இதற்கு முன் ஓபேர் இருந்தாரா, அவரோடு பேசலாமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் குடும்பத்தை அங்கேயே விட்டுவிடலாம். மொழி வகுப்பு எங்கே, பஸ் எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று வருகிறது என்று கேளுங்கள். காட்டோரக் கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லாத வீடுகள் உண்டு. பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு தெரிவதே துணை என்றாகிவிடும். வீட்டில் உங்களோடு எந்த மொழி பேசுவார்கள் என்பதும் முக்கியம். குழந்தைக்கு ஆங்கிலம் வரட்டும் என்பதற்காக ஓபேரைத் தேடும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே போனால் உங்கள் நோக்கம் வீண்.

கைக்குழந்தை என்றால் யோசியுங்கள். பேசாத குழந்தையிடம் மொழி கற்க முடியாது. நான்கிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகள்தான் நல்ல ஆசிரியர்கள். தப்பாகச் சொன்னால் இரக்கமே இல்லாமல் திருத்துவார்கள்.

அந்த அம்மா உங்களைப் பற்றி, உங்கள் ஊரைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா என்று கவனியுங்கள். வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறவர் வேலைக்கு ஆள்தான் தேடுகிறார்.

என்னென்ன செய்யச் சொல்வார்கள்?

வாரம் 30 மணி நேரம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு குழந்தை தூங்கும்போது வீட்டில் காவல் இருப்பதும் இந்தக் கணக்கில் அடக்கம். குழந்தையை எழுப்பி, உடுத்தி, பள்ளியில் விட்டு, கூட்டிவந்து, விளையாடி, சாப்பிடவைக்க வேண்டும். அவர்கள் துணியைத் துவைத்து மடிப்பது, பாத்திரத்தை டிஷ்வாஷரில் அடுக்குவது, எளிய சமையல் போன்ற சில்லறை வீட்டுவேலையும் உண்டு. ஜன்னல் எல்லாம் துடைப்பது, தோட்டம் வெட்டுவது, முழு வீட்டையும் பெருக்கித் துடைப்பது உங்கள் பொறுப்பல்ல. வயதான பாட்டியைக் குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது கண்டிப்பாகக் கிடையாது. அதற்கு அந்த நாட்டில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள், அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் உங்களிடம் கேட்பார்கள்.

வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, நான்கு மாலை உங்களுடையது, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுவதும் ஓய்வு. ஒரு வருடத்துக்கு நான்கு வாரம் விடுப்பு. அப்போதும் கைச்செலவுப் பணம் உண்டு. உங்கள் அறை எட்டுச் சதுர மீட்டராவது இருக்க வேண்டும், ஜன்னலும் ஹீட்டரும் இருக்க வேண்டும்.

சாப்பாடு எப்படி?

மாலை ஆறு மணிக்கு ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெட்டிய வெள்ளரிக்காய். அதுதான் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு. முதல் வாரம் பசி தீராது. சோறு வேண்டும் என்று வாய் திறந்து சொன்னால் அரிசி வாங்கித் தருவார்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. சைவம் என்பதையும், மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையும் வீடியோவில் பேசும்போதே சொல்லிவிடுங்கள். சைவம் அங்கே இப்போது வியப்பில்லை. சமைத்துக் கொடுத்தால் குழந்தைகளுக்குத் தோசை பிடிக்கும், காரம் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும்.

குளிர்?

பழகிவிடும். கோட்டை இங்கே வாங்காதீர்கள், அங்கே பழைய துணிக்கடையில் மலிவாகக் கிடைக்கும். குளிரைவிட, நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டுவதுதான் மனதைப் பிடித்து அமுக்கும்.

"அடுத்தவர் வீட்டில் வேலைக்காரியாகவா போகப் போகிறாய்?" என்று அப்பா கேட்கிறார். என்ன சொல்வது?

வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போய்க் கண்ணீரோடு திரும்பிய பெண்களின் கதை நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். அப்பா மனதில் அதுதான் ஓடுகிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் அந்த நாடுகளுக்கு 30 வயதுக்குக் குறைந்த பெண்களை வீட்டுவேலைக்கு அனுப்ப இந்திய அரசே அனுமதிப்பதில்லை. ஜெர்மனி அந்தப் பட்டியலில் இல்லை. ஓபேருக்குச் சாப்பாட்டு மேசையில் அவர்களோடு இடம் உண்டு, வீட்டுச் சாவி உண்டு, வகுப்புக்குப் போகும் உரிமை உண்டு. வீட்டுக்காரம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அம்மா வயதுள்ளவரை அப்படிக் கூப்பிட நமக்கு நாக்கு எழாது, எனக்குப் பல வாரம் ஆயிற்று.

ஆனாலும் அப்பா கேட்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஓபேர் என்ற பெயரில் மலிவான வேலைக்காரியைத் தேடும் குடும்பங்கள் அங்கேயும் இருக்கின்றன. அதனால்தான் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதினேன். வீடியோவில் அப்பாவையும் ஒரு நிமிடம் உட்காரவையுங்கள். மொழி புரியாவிட்டாலும் மனிதர்களின் முகங்களைப் பார்த்த பழக்கம் அவருக்கு இருக்கும்.

போன இடத்தில் குடும்பம் சரியில்லை என்றால்?

முதலில் பேசிப் பாருங்கள். பல சிக்கல்கள் சொல்லாததால் வளர்பவை. நாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் யாராவது புரிந்துகொள்வார்கள் என்று வளர்ந்தவர்கள். அங்கே அது எடுபடாது. "இந்த வாரம் 38 மணி நேரம் ஆகிவிட்டது" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலோர் திருத்திக்கொள்வார்கள். அதற்காகவே செய்த நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

பேசியும் தீராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வழக்கமாக இரண்டு வார முன்னறிவிப்பு. அடித்தல், தவறாக நடத்தல் போன்ற கடுமையான காரணம் இருந்தால் உடனேயே. வேறு குடும்பத்துக்கு மாறலாம், ஆனால் மொத்தக் காலம் ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது. மாறுவதற்கு முன் அந்த ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் விசா சிக்கலாகும்.

பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்துவைக்க எந்த வீட்டுக்காரருக்கும் உரிமை இல்லை. போலீஸ் எண் 110. பெண்களுக்கு எதிரான வன்முறை என்றால் 116016 என்ற இலவச எண் இரவும் பகலும் இயங்குகிறது, பெயர் சொல்லாமல் பேசலாம், ஆங்கிலத்திலும் பேசலாம். இந்தியத் தூதரகம் பெர்லினில். துணைத் தூதரகங்கள் ஃபிராங்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக் நகரங்களில். இந்த எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிவையுங்கள்.

நர்ஸிங் முடித்திருக்கிறேன். ஓபேராகப் போய் அங்கே வேலை தேடலாமா?

வேண்டாம். நர்ஸிங் முடித்தவருக்கு நேரான வழி இருக்கும்போது சுற்றுவழி எதற்கு? வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம், நர்ஸுகளை ஜெர்மனிக்கு அனுப்பும் ட்ரிப்பிள் வின் திட்டத்துக்கு 2021இல் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு அமைப்போடு ஒப்பந்தம் செய்தது. அதில் தேர்வானால் மொழிப் பயிற்சிக்கும் ஆள்சேர்ப்புக்கும் உங்களிடம் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கத்தவர்கள் சென்னையில் உள்ள அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் விசாரிக்கலாம். மேலும், பட்டம் பெற்ற நர்ஸ் ஓபேர் விசா கேட்டால், இவருடைய உண்மையான நோக்கம் என்ன என்று விசா அதிகாரிக்கே சந்தேகம் வரும்.

பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களுக்குக் கதை வேறு. ஓபேர் வருடத்தில் பி1 முடித்துவிட்டால், சம்பளத்தோடு மூன்று வருடம் படிக்கும் ஜெர்மன் நர்ஸிங் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். பல இடங்களில் பி2 கேட்கிறார்கள். அதற்கு விசாவும் ஒப்பந்தமும் தனி; ஓபேர் விசா தானாக நீளாது.

அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து?

அமெரிக்காவில் 1986 முதல் ஓபேர் திட்டம் உண்டு, பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கான ஜே-1 விசா. வாரம் 195.75 டாலராவது தர வேண்டும், ஆனால் வேலை 45 மணி நேரம் வரை. அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு வழியாக மட்டுமே போகலாம். நெதர்லாந்திலும் அரசு அங்கீகரித்த ஏஜென்சி வழியாகத்தான். பிரிட்டனில் ஓபேருக்கென விசா இல்லை. நார்வே 2024 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு இதை நிறுத்திவிட்டது. நார்வேக்கு ஓபேர் அனுப்புகிறேன் என்று இன்னும் யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வது என்று உங்களுக்கே தெரியும்.

அங்கே கார் ஓட்டச் சொன்னால்?

இந்திய உரிமம் ஆறு மாதம் வரை செல்லும், மொழிபெயர்ப்போடு. வண்டி வலது பக்கம் ஓடும். 12 வயதுக்குக் குறைந்து, 150 சென்டிமீட்டருக்குக் குட்டையான குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். நம்பிக்கை இல்லை என்றால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். சைக்கிள் மட்டும் நன்றாக ஓட்டப் பழகிக்கொண்டு போங்கள்.

விசா மறுத்துவிட்டால்?

முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது ஒன்று, குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம்; இல்லை, பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். நம்மைப் போன்றவர்களுக்கு முதல் வழிதான். மறுப்புக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். எதற்கு ஓபேர் என்ற கேள்விக்கு, ஏஜென்ட் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பித்தது காரணமாக இருக்கலாம். அதே கடிதத்தைப் பலர் கொடுத்திருப்பார்கள், அதிகாரிக்கு அது தெரியும். உங்கள் காரணத்தை உங்கள் ஜெர்மனில், பிழையோடாவது, நீங்களே எழுதுங்கள்.

பெட்டியில் என்ன எடுத்துப்போகலாம்?

அசல் சான்றிதழ்கள் கைப்பையில், நகல்கள் பெட்டியில். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தோடு டாக்டர் சீட்டு. போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும், முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அம்மாவிடம் பேசும் நேரத்தையும் இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் நாம் முன்னால் இருக்கிறோம். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு நீங்கள் எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே நள்ளிரவு.

தின்பண்டத்தில் கவனம். பால், இறைச்சி சேர்ந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் சுங்கத்தில் குப்பைத்தொட்டிக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அன்னாசி, துரியன் தவிர மற்றப் பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே குடும்பத்துக்குப் பரிசாக முதலமடை மாம்பழப் பெட்டியைக் கட்டித் தரும் மாமாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நேந்திரங்காய் வறுவல் கொண்டுபோங்கள். தேங்காய் எண்ணெயில் வறுத்தது, இரண்டு பொட்டலமாவது. குழந்தைகள் ஒன்றை அன்றைக்கே முடித்துவிடுவார்கள்.